எட்டாம் நம்பர் எலி

மைசூரு
12 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால், அப்பாவின் கோபம், இரண்டும் அளவாக இருக்கின்றனவா?

கடிதம் என்றதும் சிரித்திருப்பாய். போனில் கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் சொல்வதை நீ கேட்பதற்குள் சித்தி கேட்டுவிடுகிறாள். எதிர்வீட்டு அக்கா பதில் சொல்கிறாள். போன வாரம் நான் ஒரு தடவை இருமினேன். நாலு கஷாயத்துக்குச் செய்முறை வந்தது. அதனால் இது. வீட்டுக்கு அனுப்பாமல் நாரணாபுரம் வெடி கம்பெனிக்கே அனுப்புகிறேன்.

இன்னொரு காரணம். எங்கள் விலங்குக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. உங்கள் கேட்டில் இருப்பது போலவே இங்கும் ஒரு மரப்பெட்டி, அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உங்களுக்குத் தீப்பொறி பயம். எங்களுக்குச் சத்தம்.

எலிகள் வந்துவிட்டன. வெள்ளை. பிறவியிலேயே ரத்த அழுத்தம் உள்ள வம்சம். யாரும் எதுவும் செய்ய வேண்டாம், வயது ஏற ஏற அதுவும் ஏறும். எங்கள் துறையில் புதிதாக ஒரு மருந்து செய்திருக்கிறோம். அது இந்த அழுத்தத்தை இறக்குகிறதா என்று பார்க்க வேண்டும். என் முனைவர் பட்டம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

எலியின் கையில் பட்டை கட்ட முடியாது. வாலில் சின்ன வளையம் மாட்டி அளக்கிறோம். அப்போது அது ஒரு குழாய்க்குள் அமைதியாக இருக்க வேண்டும். பயந்தால் அழுத்தம் ஏறும். வரும் அளவு பயத்தின் அளவாக இருக்கும். அதனால் முதலில் அளப்பதே இல்லை. குழாய்க்குள் போக, வர, என் கையை மோந்து பார்க்க, என்னோடு சும்மா இருக்கப் பழக்குகிறேன். அந்தச் சும்மா நேரத்தில் இதை எழுதுகிறேன்.

எட்டாம் நம்பர் என்று ஒன்று இருக்கிறது. மற்றவை மூலைக்கு ஓடும். இது மட்டும் கூண்டு வாசலுக்கு வரும். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் எட்டிப் பார்ப்பது யார் என்று யோசி.

சோம்பேறி, பதில் எழுது.

ஸ்ரீமதி


நாரணாபுரம்
24 ஜூலை 2025

பாப்பாவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒருத்தனைத் தவிர என்று சேர்த்துக்கொள். இதைப் படித்ததும் போனை எடுக்காதே. ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கட்டும்.

கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டோம். வேலையாட்கள் வெட்கப்பட்டு வரிசையில் நிற்கவில்லை. சரி, முதலாளி மகன் முதலில் போனால் வருவார்கள் என்று நான் போய் உட்கார்ந்தேன். பட்டையைக் கட்டினார்கள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, மாடிப்படி ஏறி வந்தீகளா?”

“வெடி கம்பெனியில ஏது டாக்டரம்மா மாடி?”

மறுபடி கட்டினார்கள். அதே 160. கீழே நூறு. பின்னால் நின்ற போர்மேன் சோணைமுத்து அண்ணாச்சிக்கு அறுபது வயது, அவருக்கு 120. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். அதன் பிறகு விருதுநகர் போய் வெவ்வேறு நாட்களில் பார்த்தேன். இறங்கவில்லை. தினமும் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடவில்லை.

ஏன் என்று கேட்பாய். எனக்கு ஒன்றும் இல்லை. தலைவலி கூட இல்லை. வயது முப்பத்தொன்று. பிரீத்திகா வீட்டில் இப்போதுதான் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறோம், தையில் கல்யாணம். “மாப்பிள்ளைக்கு இப்பவே பிரஷராம்ல” என்கிற பேச்சு பத்திரிகைக்கு முன்னால் ஊர் சுற்றிவிடும்.

முக்கியமான காரணம் வேறு. நம் கம்பெனி வழக்கம் உனக்குத் தெரியும். லாரியில் லோடு ஏற்றும் முன் ஒரு பெட்டியைப் பிரித்துப் பின்பொட்டலில் வெடித்துப் பார்ப்போம். நாலு மீட்டர் தள்ளி சத்தம் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்த்து, சரியென்றால்தான் அப்பா கையெழுத்துப் போடுவார். சாம்பிள் பார்க்காமல் ஒரு பெட்டி வெளியே போனதில்லை. என் உடம்பும் அப்படித்தான். நீ பிரஷர் மாத்திரையை எலிக்குக் கொடுக்கிறாய். எலி நன்றாக இருக்கட்டும். நானும் ஆரம்பிக்கிறேன்.

இந்தக் கடிதமும் பொட்டலில் உட்கார்ந்து எழுதுவதுதான். அடுத்த சாம்பிள் வைக்கப் போகிறார்கள். காதைப் பொத்த வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

மணிகண்டராஜ்


மைசூரு
2 ஆகஸ்ட் 2025

அண்ணே,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ ஒரு முட்டாள்.

உன் மாத்திரை வேறு. என் மருந்து வேறு. உன்னுடையது நான் பிறப்பதற்கு முன்பே சோதித்து முடித்தது. கோடிப் பேர் சாப்பிடுகிறார்கள். என்னுடையதற்கு இன்னும் பெயர் கூட இல்லை, எண்தான். என் எலிக்கு என்ன ஆனாலும் உன் மாத்திரைக்கு அதில் சம்பந்தம் இல்லை. இதை மூன்று முறை படி.

இன்னொன்று. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்று எனக்கே தெரியாது. புட்டிகளில் குறியீடு மட்டும் இருக்கும். அதன் விடை என் பேராசிரியரின் மேசையில் பூட்டி இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிப்பார். தெரிந்தால் என் கண் எனக்குச் சாதகமாக அளக்கும்.

ஆகவே நீ காத்திருப்பது வீண்.

சரி. கேட்கமாட்டாய். அதுவரை இதையாவது செய். ஊறுகாய் கூடாது. அப்பளம் கூடாது. கருவாட்டுப் பக்கம் திரும்பவே கூடாது. வாரம் ஒரு முறை அளந்து எனக்கு எழுது. தலைசுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றே டாக்டரிடம் ஓடு. அப்போது ஸ்பீக்கரிலேயே சொல்.

எட்டாம் நம்பர் இன்று தானாகக் குழாய்க்குள் போனது. நான் தொடவே இல்லை. போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது, ஆரம்பிக்கலாமா என்பது போல. பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷத்தில் கத்த முடியாது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம்.

கோபம் குறையாத
ஸ்ரீமதி


நாரணாபுரம்
20 ஆகஸ்ட் 2025

பாப்பாவுக்கு,

திட்டு கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். எண் 158. நீ சொன்னபடி ஊறுகாயை விட்டதில் இரண்டு குறைந்திருக்கிறது. அந்த இரண்டுக்காக நான் இழந்த மாங்காயை நினைத்தால் அழுகை வருகிறது.

ஆடிப்பெருக்குப் பூஜை போட்டு விற்பனை தொடங்கிவிட்டது. சீசன் சூடு. கல்கத்தா லோடு, புனா லோடு, பகலுக்குள் அனுப்ப வேண்டும். அப்பா என்னைத் திட்டுவதற்காகவே காலையில் சீக்கிரம் எழுகிறார்.

பிரீத்திகாவை விருதுநகரில் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் தெரிந்துதான். எண்ணெய் புரோட்டா கடைக்குப் போனோம். அவள் சால்னா ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறாள். நான் வெறும் புரோட்டாவைப் பிய்த்துத் தின்கிறேன்.

“ஏன் சால்னாவ ஒதுக்குறீக?”

“உடம்புக்குச் சூடு.”

“புரோட்டா மட்டும் ஐஸ்கிரீமாக்கும்?”

இவளிடம் நெடுநாள் பொய் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

உன் குறியீட்டு விஷயம் புரிந்தது. ஆனால் நான் பந்தயம் கட்டுகிறேன். எட்டாம் நம்பருக்குத்தான் மருந்து போகிறது. துடிப்பாக இருக்கிறதே, குழாய்க்குள் தானாகப் போகிறதே, அது தண்ணீர் குடிக்கிற எலி மாதிரியா தெரிகிறது? அது தேறிவிட்டால் நானும் சாப்பிடுகிறேன். சத்தியம்.

எல்லாம் முடிந்ததும் எலிகளை என்ன செய்வீர்கள்? யாராவது வாங்கிக்கொள்வார்களா? எட்டாம் நம்பரை நான் வளர்க்கிறேன். ஆபீஸ் அறையில் இடம் இருக்கிறது.

உன் உடம்பையும் கவனி. எலிக்குக் காட்டுகிற அக்கறையில் பாதி போதும்.

மணிகண்டராஜ்


மைசூரு
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சளி போய்விட்டது. உன் எண்ணை எதிர்பார்க்கிறேன்.

மருந்து ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே கை. வாசனை சோப்பைக் கூட விட்டுவிட்டேன். எட்டாம் நம்பர் நன்றாகச் சாப்பிடுகிறது.

இன்று நாட்காட்டியைப் பார்த்தேன். எலிகள் தாமதமாக வந்ததால் எல்லாமே தள்ளிப்போயிருக்கிறது. கடைசி அளவுகள் எடுக்க வேண்டிய வாரம் எது தெரியுமா? தீபாவளி.

சிரிக்காதே. விலங்குக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. நடுவே ஒரு மைதானம். மூன்று நாள் அங்கே வெடிப்பார்கள். எலியின் காது நம் காதை விடக் கூர்மையானது. இரண்டு வருடத்துக்கு முன் என் சீனியர் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. மருந்து சாப்பிட்டதும் சாப்பிடாததும் ஒன்றுபோல எகிறிவிட்டன. எதுவும் சொல்ல முடியவில்லை. மொத்தத்தையும் முதலிலிருந்து செய்தார்.

முதலிலிருந்து என்றால் வேறு எலிகள். இன்னொரு நாற்பது.

தேதியை மாற்ற முடியாது. மருந்து இத்தனை வாரம் என்று அனுமதி வாங்கியிருக்கிறோம்.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். வெடியைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர். வீட்டுக்கு வீடு தனியாக வாங்குவதில்லை, சங்கமே மொத்தமாக ஒரு லாட் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் என்றார். போன வருடத்துக் காலிப் பெட்டியை எடுத்துவந்து காட்டினார். “எங்க டீலர் தர்ற ஒரே கம்பெனி. சத்தம்னா இதுதான் சத்தம்” என்று பெருமையாகச் சொன்னார்.

பெட்டியில் அப்பா பெயர்.

அங்கே நின்று என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஸ்ரீமதி


நாரணாபுரம்
22 செப்டம்பர் 2025

பாப்பாவுக்கு,

நீ காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் உனக்கு வேலை வந்திருக்கிறது. எண் 162. கேட்காதே, சீசன்.

உன் கடிதத்தைப் பொட்டலில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது டபுள் சவுண்ட் அணுகுண்டுக்குச் சாம்பிள் வைத்தார்கள். முதல் முறையாக அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் காத்திருக்கிற எலியை நானே பயமுறுத்தப் போகிறேன். இப்படி ஒரு கோமாளித்தனம் சிவகாசியில் வேறு யாருக்கும் வாய்க்காது.

நேரே அப்பாவிடம் போனேன். என் விஷயத்தைச் சொல்லவில்லை. உன் விஷயத்தை மட்டும் சொன்னேன். மைசூர் டீலர் நஞ்சப்பாவுக்குப் போகிற அந்த ஒரு லாட்டில் வெடியை எடுத்துவிட்டுச் சத்தமில்லாத சரக்கு வைக்கலாம் என்றேன்.

“சத்தமில்லாம என்னலே தீவாளி? நான் வெடி கம்பெனி நடத்துறனா, ஊதுபத்தி கம்பெனி நடத்துறனா?”

“பாப்பா பரிட்சைப்பா.”

“பரிட்சை அவளுக்கா, எலிக்கா?”

“ரெண்டு பேத்துக்கும்.”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: “நம்ம வெடிச் சத்தத்துக்கு எலிக்குப் பிரஷர் ஏறுதாக்கும்?”

“ஏறுதாம்.”

“எம்புட்டு ஏறுதாம்?”

நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கவலை இல்லை பாப்பா, பெருமை. அரை மணி நேரத்தில் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார். “ஏலே சோணைமுத்து, மைசூர்ல எலி நடுங்குதாம்ல நம்ம சரக்குக்கு.” பெருமை அடங்கியதும் சம்மதித்தார். பூச்சட்டி, தரைச்சக்கரம், கம்பி மத்தாப்பு, பென்சில். வெடி ஒன்று கூடக் கிடையாது. பூச்சட்டியைத் தானே கூட்டிப் போட்டார். “பிள்ளைக ஏமாந்து போகக்கூடாது” என்றார். வழக்கத்தை விடாமல் அதற்கும் மீட்டர் வைத்துச் சாம்பிள் பார்த்தார். புஸ்ஸென்று ஆள் உயரத்துக்குப் பூத்தது. மீட்டர் சும்மா இருந்தது. “மீட்டர் செத்துப் போச்சாலே?” என்று தட்டிப் பார்த்தார்.

நஞ்சப்பாவிடம் பேசிவிட்டேன். குடியிருப்பில் பேச வேண்டியது நீ. வீடு வீடாகப் போ. பழைய வெடி யாராவது பரணில் வைத்திருப்பார்கள்.

எலிகளை முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தேன். பதில் எழுத மறந்துவிட்டாய்.

மணிகண்டராஜ்


மைசூரு
23 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். நாற்பது எலியும் நானும்.

மகிழ்ச்சியில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னி.

வீடு வீடாகப் போனேன். என் கன்னடத்தைக் கேட்டே பாதிப் பேர் சம்மதித்துவிட்டார்கள். குழந்தைகள்தான் பேரம் பேசினார்கள். வெடிக்கமாட்டோம், பதிலுக்கு எலியைக் காட்டு என்றார்கள். உள்ளே விட முடியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவர்களையே வரைய வைத்தேன். வெள்ளை, சிவப்புக் கண், கூண்டு வாசலில் முன்கால் இரண்டையும் தூக்கி நிற்பது. நெஞ்சில் 8. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு எட்டாம் நம்பர் ஒட்டியிருந்தது. ஒன்றை உனக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். காது பெரிதாகிவிட்டது. வரைந்தவளுக்கு ஆறு வயது.

தீபாவளி மாலை. மைதானம் முழுக்கப் பூச்சட்டி. அப்பா கூட்டிப் போட்டது எல்லாம். சின்னவர்கள் யாராவது கூச்சல் போட்டால் பெரியவர்கள் வாயில் விரல் வைத்து “இலி, இலி” என்றார்கள். கன்னடத்தில் எலிக்கு அதுதான். இத்தனை வெளிச்சத்தை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. யாரோ சிரித்தால் மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்டது.

ஒன்றே ஒன்று வெடித்தது. பரணில் கிடந்த பழையது. செயலாளரின் மகன்தான். அவர் ஓடிவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே ஓடினேன். எட்டாம் நம்பர் காதைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. பிறகு தின்ன ஆரம்பித்தது.

அளவுகள் சுத்தம். சத்தத்துக்கு ஒன்று கூட எகிறவில்லை. பேராசிரியர் தாளைப் புரட்டிவிட்டு, “உங்கள் ஊர் பட்டாசுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலை வரும் என்று நினைக்கவில்லை” என்றார்.

அப்பாவுக்குச் சொல். உன் எண்ணை எழுது.

ஸ்ரீமதி


நாரணாபுரம்
1 நவம்பர் 2025

பாப்பாவுக்கு,

சுகம். படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். “காது இம்புட்டுப் பெருசா இருந்தா கேட்கத்தானலே செய்யும்” என்றார். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார். சாமி படத்துக்குப் பக்கத்தில்.

சீசன் முடிந்தது. கம்பெனி பூட்டியாகிவிட்டது. எண் மட்டும் சீசன் முடிந்தது தெரியாமல் 164-இல் நிற்கிறது. ஆனாலும் எனக்கு ஒன்றும் இல்லை, தலைவலி கூட இல்லை.

கூண்டு வாங்கிவிட்டேன். மதுரையில். பெரியது, இரண்டு தட்டு, உள்ளே ஏணி வைத்தது. பிரீத்திகாதான் தேர்ந்தெடுத்தாள். ஏன் எலி என்று கேட்டாள். தங்கை கொடுக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். “எல்லாரும் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு குடுப்பாக” என்றாள்.

எட்டாம் நம்பர் எப்போது வரும்? ரயிலில் விடுவார்களா, இல்லை நான் காரில் வரட்டுமா? மூன்றாவது முறை கேட்கிறேன்.

முடிவு தெரிந்ததும் எழுது.

மணிகண்டராஜ்


நாரணாபுரம்
20 நவம்பர் 2025

பாப்பாவுக்கு,

கடிதம் இல்லை. போனில் பேசினால் அம்மாவிடம் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறாய்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரி எழுது. மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

மணிகண்டராஜ்


மைசூரு
2 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம் உடம்பு இல்லை. நீ கேட்ட கேள்வி.

எலிகள் எங்கும் போகாது அண்ணே. மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல், முடித்துவிடுவோம். பிறகு இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்ப்போம். மருந்து உள்ளே என்ன செய்தது என்று வேறு எப்படியும் தெரியாது. தொடங்கும்போதே எனக்குத் தெரியும். நீ கேட்டபோதெல்லாம் வேறு எதையோ எழுதினேன். கூண்டு வாங்கியிருக்கிறாய் என்று படித்த பிறகு அதுவும் எழுத முடியவில்லை.

எட்டாம் நம்பரை நான்தான் தூக்கினேன். வேறு கை என்றால் பயந்திருக்கும். வழக்கம்போல வாசலுக்கு வந்தது.

நேற்று விடையைப் பிரித்தார்கள். மருந்து வேலை செய்கிறது. சாப்பிட்டவற்றுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, இதயமும் சரியாக இருக்கிறது. இது முதல் படிதான், மனிதர்களுக்கு வர வருடங்கள் ஆகும், வராமலும் போகலாம். ஆனாலும் பேராசிரியர் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் கத்தினோம். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

நீ பந்தயத்தில் தோற்றுவிட்டாய். எட்டாம் நம்பருக்குப் போனது வெறும் தண்ணீர்.

விடை எனக்குத் தெரியாவிட்டாலும் அதன் அழுத்தம் எத்தனை என்று தெரியும். நான்தானே அளந்தேன். கூட்டத்திலேயே அதற்குத்தான் அதிகம். உன்னிடம் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டது. ஓடியது. முதலில் வந்து எட்டிப் பார்த்தது. எந்த எலியையும் விட ஆரோக்கியமாகத் தெரிந்தது. இதயத்தை எடுத்துப் பார்த்தபோது சுவர் தடித்திருந்தது. பாவம், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் முட்டி முட்டி வேலை செய்திருக்கிறது.

நீ கூண்டு வாங்கியதாக எழுதிய கடிதத்தை அன்று மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் நீ எழுதியது: எனக்கு ஒன்றும் இல்லை, தலைவலி கூட இல்லை.

உன்னிடம் இருக்கிற மாத்திரைக்கு எப்போதோ சாம்பிள் பார்த்தாகிவிட்டது. அங்கேயும் ஏதோ ஒரு கூடத்தில் ஏதோ ஒரு எட்டாம் நம்பர் வாசலுக்கு வந்திருக்கும். ஒரு முறை வெடித்துப் பார்த்ததை மறுபடி வெடித்துக் காட்டச் சொல்லாதே.

அண்ணே, லோடு ஏற்று.

ஸ்ரீமதி


நாரணாபுரம்
28 டிசம்பர் 2025

என் தங்கை ஸ்ரீமதிக்கு,

நான் நலம். இந்த முறை பொய் இல்லை.

உன் கடிதம் வந்தபோது, கம்பெனி திறக்கிற வேலையாகப் பொட்டலில் இருந்தேன். படித்ததும் எழுந்து போய் மதில் சுவரைப் பார்த்து நின்றேன். சோணைமுத்து அண்ணாச்சி வந்து, “யாருக்கு என்னய்யா?” என்றார். “தெரிஞ்சவுகளுக்கு” என்றேன். தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் தண்ணீர் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சட்டைப் பையில் மாத்திரை இருந்தது. விழுங்கினேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

அன்று சாயங்காலமே விருதுநகர் போனேன். அதே கடை. உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன், எனக்குப் பிரஷர், மாத்திரை சாப்பிடுகிறேன், இன்றிலிருந்து. பிரீத்திகா புரோட்டாவைக் கீழே வைத்தாள்.

“அதுக்குத்தான் சால்னாவ ஒதுக்குனீகளா?”

“ஆமா.”

“நான் எங்க வீட்ல போயி, மாப்பிள்ளைக்கு நாக்கே செத்துப்போச்சு, இவருக்கு என்னத்தைச் சமைக்கன்னு அழுதேன்.”

பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் அப்பாவும் பல வருடமாக இதே மாத்திரைதானாம். “மறுவீட்டுக்கு வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து முழுங்குங்க” என்றாள். இவ்வளவு நாள் நான் ஒளித்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு.

அம்மாவிடமும் சொன்னேன். நல்ல வேளையாக அப்போது அவள் சித்தியோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள், தனித்தனியாகச் சொல்லும் வேலை மிச்சம். இரவுக்குள் ஏழு கஷாயம். எதிர்வீட்டு அக்கா உப்பில்லாத ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்தாள். அதைச் சாப்பிடுவதற்கு நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “எம்புட்டு?” என்றார். சொன்னேன். “நம்ம வெடிச் சத்தத்துக்கா?” என்றார். இல்லப்பா, வம்சம் என்றேன். மறுநாள் அவரும் டாக்டரம்மாவிடம் போய்க் கையை நீட்டினார்.

கம்பெனி திறந்துவிட்டோம். உன் குடியிருப்புச் சங்கம் அடுத்த வருடத்துக்கு இப்போதே ஆர்டர் கொடுத்திருக்கிறது. அதே சரக்கு வேண்டுமாம். இரண்டு பக்கத்துத் தெருக்களும் சேர்ந்துவிட்டன. அப்பா அந்தப் பூச்சட்டிக்குத் தனி லேபிள் போடலாம் என்றார். சுவரில் இருந்த படத்தைப் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். காதைச் சின்னதாக்கட்டுமா என்று கேட்டான் டிசைனர். தொடாதே என்றேன். முதல் தாள் இத்துடன் இருக்கிறது. வாசலில் முன்காலைத் தூக்கி நிற்கிறது பார். நெஞ்சில் 8. பெயர் என்ன வைக்க என்று அப்பா கேட்டார். அதுதான் எழுதியிருக்கே என்றேன்.

நேற்று டாக்டரம்மா அளந்தார். 134. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டுமாம். “மாடி கட்டிட்டீகளா தம்பி?” என்று கேட்டார்.

தையில் வா. பத்து நாளாவது இரு. வாசனை சோப்புப் போட்டுக் குளி.

கூண்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆபீஸ் மேசை மேல் இருக்கிறது. மாத்திரை அட்டையை அதற்குள் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் போய் முதல் வேலையாக அதன் கதவைத் திறக்கிறேன்.

உன் அண்ணன்
மணிகண்டராஜ்